கைப்பற்றியதற்கும் அனுப்பியதற்கும் நடுவே: பிரேதம் போன பாதையின் சிறு வரலாறு

உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வாக்கியம் உண்டு. "போலீசார் உடலைக் கைப்பற்றி, பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர்." சாலை விபத்து, கிணற்றில் விழுந்தவர், பூச்சி மருந்து குடித்தவர், ஏரிக்கரையில் கிடந்த அடையாளம் தெரியாத ஆண் என்று சம்பவம் எதுவானாலும், செய்தி கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் போய் நிற்கும். கிருமாம்பாக்கம் புதுச்சேரி-கடலூர் ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர். அதனால் இந்த வாக்கியம் எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பழக்கம்.

அதில் இரண்டு வினைகள் இருக்கின்றன. கைப்பற்றியது ஓர் இடம், அனுப்பியது இன்னோர் இடம். நடுவில் ஒரு ரோடு இருக்கிறது. யார் தூக்கினார்கள், எந்த வண்டி வந்தது, எவ்வளவு நேரம் ஆனது, வண்டிக்குக் காசு யார் கொடுத்தது, இதெல்லாம் செய்தியில் வராது. கொலையைப் பற்றியும், துப்புத் துலக்கியவரைப் பற்றியும், கோர்ட்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நடுவில் இருக்கிற ரோட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் ஒரே ஒருவர் மட்டும் அந்த ரோட்டை மறக்கவில்லை. யார் தெரியுமா? சட்டத்தை எழுதியவர்!

சட்டப் புத்தகத்தில் ஒரு வானிலை

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு சந்தேக மரணங்களைப் பற்றியது. தற்கொலை, விபத்து, கொலை என்று சந்தேகப்படும்படி ஒரு சாவு நடந்தால் போலீஸ் அதிகாரி அந்த இடத்துக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேரையோ அதற்கு மேலோ கூட வைத்துக்கொண்டு உடலைப் பார்க்க வேண்டும். காயம் இருந்தால் எழுத வேண்டும். இன்றும் நாம் 'பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை' என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து வருவதுதான் சுவாரசியமான வரி. சாவின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலை அருகிலுள்ள சிவில் சர்ஜனுக்கோ, அரசு நியமித்த வேறு மருத்துவருக்கோ அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. வானிலையும் தூரமும் இடம் கொடுக்க வேண்டும். வழியிலேயே உடல் அழுகிப் பரிசோதனைக்கு உதவாமல் போகும் ஆபத்து இருக்கக் கூடாது.

குற்றம், சாட்சி, கைது, ஜாமீன் என்று போகிற ஒரு சட்டப் புத்தகத்தில் திடீரென்று வெயிலும் மழையும் ரோடும் வந்து நிற்கின்றன. 1973ல் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். அந்த வரி அப்படியே இருந்தது, பிரிவு எண்கூட மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பிரிவு எண் 194 ஆகிவிட்டது. வானிலையும் தூரமும் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியும் நாலுவழிச் சாலையும் வந்த பிறகும் மாட்டு வண்டிக் காலத்து வாக்கியம் சட்டத்தில் வாழ்கிறது.

இந்த வரி ஒரு முடிவை எடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறது. பிணம் இருக்கும் இடத்துக்கு மருத்துவர் வர மாட்டார், மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் பிணம்தான் போக வேண்டும் என்பதே அந்த முடிவு. இது உலகத்துக்கே பொதுவான வழக்கமா? இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு பார்த்தால் இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் இங்கே சில மைல் தூரத்துக்குள் இரண்டு வேறு சட்டங்கள் இருந்தன.

பிணத்தைத் தேடி வந்த சட்டம்

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே சந்தேக மரணங்களை விசாரிக்க 'கரோனர்' என்ற அதிகாரி பல நூறு வருஷமாக இருக்கிறார். ஊர்க்காரர்களை ஜூரிகளாகக் கூட்டி, அவர்கள் பிணத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விசாரணை. விசாரணை நடக்கும் இடம் பெரும்பாலும் பக்கத்துச் சாராயக் கடை. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் காரணம் நியாயமானது. பிணம் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பத்துப் பதினைந்து பேர் உட்கார இடம் உள்ள பெரிய அறை அங்கேதான் இருந்தது. அதாவது விசாரணைதான் பிணத்தைத் தேடி வந்தது.

பிரெஞ்சுக்காரர்களும் கிட்டத்தட்ட அப்படியே. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 81ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், சாவில் வன்முறையின் அடையாளமோ வேறு சந்தேகமோ இருந்தால், ஒரு போலீஸ் அதிகாரி ஒரு மருத்துவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிணத்தின் நிலையை எழுதி வைத்த பிறகுதான் அடக்கம் செய்யலாம். 1808ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டமும் வன்சாவு என்றால் அரசு வழக்கறிஞர் ஒன்றிரண்டு மருத்துவர்களை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உடலை அந்த இடத்திலிருந்து எடுப்பதற்கு முன் மருத்துவர் பார்ப்பதற்கு 'லெவே த கோர்' என்று ஒரு பெயரே உண்டு. 'உடலை எடுத்தல்' என்று அர்த்தம்.

அந்த சிவில் சட்டம் 1819ல் பிரெஞ்சிந்தியாவிலும் நடைமுறைக்கு வந்தது. பாகூர், கிருமாம்பாக்கம் எல்லாம் அந்த ஆட்சிக்குள். தெற்கே கொஞ்சம் நடந்தால், முள்ளோடையைத் தாண்டினால், இங்கிலீஷ்காரன் எல்லை. 1690லேயே கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். நடுவில் வயலும் வாய்க்காலும் பின்னிக் கிடக்கும். பிரெஞ்சுக் கிராமத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் கிராமம், அதைத் தாண்டி மறுபடி பிரெஞ்சுக் கிராமம். ஒரே ஏரித் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு ஊரில் சந்தேகச் சாவு நடந்தால், ஓர் ஊரின் சட்டம் 'மருத்துவரோடு போய்ப் பார்' என்றது. இன்னோர் ஊரின் சட்டம் 'மருத்துவருக்கு அனுப்பி வை' என்றது.

சொந்த நாட்டில் பிணத்தைத் தேடிப் போன இங்கிலீஷ்காரர்கள் இங்கே மட்டும் ஏன் மாற்றினார்கள்? கரோனர் பதவியை அவர்கள் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள்தான், ஆனால் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று தலைநகரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். மெட்ராஸில் 1889லேயே அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். பம்பாயில் மட்டும் 1999 வரை நீடித்தது. மற்ற ஊர்களுக்கு போலீசும் மாஜிஸ்திரேட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

காரணம் ஆள் கணக்கு. ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரில் ஒரு சிவில் சர்ஜன். தென்னாற்காடு மாவட்டம் என்றால் கடலூரில். ஆஸ்பத்திரி, ஜெயில், கோர்ட் சாட்சி எல்லாம் அந்த ஒரே ஆள் தலையில். தாலுகா ஊர்களில் டிஸ்பென்சரி வந்த பிறகு அங்கும் ஒரு டாக்டர். இவர்களை ஒவ்வொரு கிணற்றடிக்கும் அனுப்ப முடியாது. டாக்டரின் நேரம் விலை உயர்ந்தது. பிணத்தின் நேரத்துக்கு விலை இல்லை. எனவே பிணத்தை நகரச் சொன்னார்கள். அப்படி நகர்த்தினால் வெயிலில் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த பயம்தான் 'வானிலையும் தூரமும்' என்று சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் பிணத்தை அசைக்கவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாரீஸ் மாதிரி ஒரு பெரிய நகரத்தில் யார் எவர் என்று தெரியாமல் சாகிறவர்கள் அதிகம். சேன் நதியிலிருந்து எடுத்த உடல்களை ஓர் இடத்தில் கொண்டுவந்து போட்டு, அடையாளம் தெரிந்தவர் சொல்லட்டும் என்று கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்கள். அதுதான் 'மோர்க்'. 1804ல் நதிக்கரையில் ஓரிடம், 1864ல் நோத்ர தாம் தேவாலயத்துக்குப் பின்னால் பெரிய கட்டடம். 1882ல் குளிர்விக்கும் எந்திரம் வந்தது. வேடிக்கை பார்க்கிற கூட்டம் அதிகமாகி, 1907ல் பொதுமக்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். ஆக, நகரம் பெரிதானால் அது பிணத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். வித்தியாசம் என்னவென்றால், பாரீஸ் நகரம் தன்னுடைய சொந்தப் பிணங்களை இழுத்தது. நம் ஊரில் நகரம் கிராமத்துப் பிணங்களையும் இழுத்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர்

மெட்ராஸ், பம்பாய் மாகாணங்களுக்கு 1898 சட்டத்தில் ஒரு தனிச் சலுகை இருந்தது. கிராமத் தலைவரே பிரேத விசாரணையை நடத்தி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பலாம். அதாவது கிராம முன்சீப் பார்த்து 'சந்தேகம் இல்லை' என்று எழுதிவிட்டால் உடல் ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. 'சந்தேகம்' என்று எழுதினால்தான் பயணம். அந்தப் பயணத்தின் சிரமம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சந்தேகமே வராமல் இருப்பது எல்லோருக்கும் வசதி. எத்தனை சாவுகள் 'வயிற்று வலி'யாகவும் 'பாம்புக்கடி'யாகவும் ஊரோடு முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது, அனுப்ப வேண்டும். யார் தூக்குவது? சட்டம் 'அனுப்ப வேண்டும்' என்று சொன்னதே தவிர, தூக்குகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. பிணம் தொடுகிற வேலை யார் தலையில் விழும் என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. வெட்டியான், தலையாரி என்று ஊர் ஊழியர்கள் இருந்தார்கள். சர்க்காரின் குற்ற விசாரணை இந்தச் சாதி ஏற்பாட்டின் தோள் மேலேதான் ஏறிப் போனது.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது: "அப்பல்லாம் யாரு கார் வச்சிருந்தா? மாட்டு வண்டிதான். அதுக்கும் ஆள் கெடைக்கணுமே. பொணம் ஏத்துன வண்டியில நாளைக்கு நெல்லு ஏத்த முடியுமான்னு கேப்பான். சாராயம் வாங்கிக் குடுத்து, கையில காசு வச்சாத்தான் வண்டி கெளம்பும். பாயில சுத்திக் கட்டி, மேல வேப்பந்தழைய போட்டு ஓட்டுவாங்க. வாசனை தாங்காம மாடே மெரளும்."

கிருமாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 12 கிலோமீட்டர். நடுவில் சுண்ணாம்பாறும் அரியாங்குப்பம் ஆறும். பைக்கில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. மாட்டு வண்டியில் மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றிலிருந்து நாலு மணி நேரம். இது வெறும் ரோட்டுக் கணக்கு. காலையில் ஒருவர் உடலைப் பார்க்கிறார். ஸ்டேஷனுக்கு ஆள் போகிறது. போலீஸ் வருகிறது. பஞ்சாயத்தாரைக் கூட்டுகிறார்கள், எழுதுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். வண்டி பேசுகிறார்கள். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, இனி நாளைக்குத்தான். ஆக, 12 கிலோமீட்டர் என்பது ஒரு முழு நாள்.

அந்த ஒரு நாளில் உடலுக்கு என்ன ஆகும்? ஜெய்சிங் மோடி 1920ல் முதல் பதிப்பு வெளியிட்ட சட்ட மருத்துவப் பாடப் புத்தகம் இன்றும் நம் கோர்ட்டுகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. ஐரோப்பியப் புத்தகங்களின் கால அளவு இந்திய வெயிலுக்குப் பொருந்தாது என்பதால் இந்த மாதிரிப் புத்தகங்கள் தேவைப்பட்டன. நம் கோடையில் இறந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை நிறம் ஓடும். ஒரு நாளுக்குள் வாயு சேர்ந்து உடல் ஊதும், முகம் மாறும். அப்புறம் கழுத்தில் இருந்த லேசான தடம், தோலுக்கடியில் இருந்த கன்றிப்போன ரத்தம், நீரில் மூழ்கியவரின் மூக்கில் இருந்த நுரை, எல்லாம் குழம்பிவிடும். டாக்டர் 'அழுகிய நிலையில் இருந்ததால் காரணம் சொல்ல இயலவில்லை' என்று எழுதுவார். ரோடு ஒரு சாட்சியைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

உடல் போகாவிட்டால் பாட்டில் போகட்டும்

இதற்கு ஒரு மாற்று வழி சீக்கிரமே வந்தது. 1849ல் மெட்ராஸில் ரசாயனப் பரிசோதகர் கூடம் தொடங்கப்பட்டது. இந்தியாவிலேயே முதல். கல்கத்தாவில் 1853ல்தான் வந்தது. அந்தக் காலத்துப் பெரிய பயம் விஷம். பாஷாணம், ஊமத்தை, அரளி, அபின். 1836லேயே ஜேம்ஸ் மார்ஷ் என்ற இங்கிலாந்து வேதியியலாளர் பாஷாணத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை வெளியிட்டிருந்தார். ஆனால் சோதனைச் சாமான் எல்லாம் பட்டணத்தில்தான் இருந்தது.

முழு உடலைக் கடலூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மெட்ராஸுக்கு அனுப்ப முடியாது. இரைப்பையையும், அதிலிருந்ததையும், ஈரலில் ஒரு பங்கையும், சிறுநீரகத்தில் ஒரு பங்கையும் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் உப்புக் கரைசலிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு, மூடி அரக்கு முத்திரை வைத்து அனுப்பலாம். போலீஸ் பாஷையில் இன்றும் 'விஸ்ரா அனுப்பியாச்சு, ரிப்போர்ட் வரணும்' என்பார்கள். உடலின் பயணம் ஒரு நாளில் முடிந்துவிடும். பாட்டிலின் பயணமும் அதன் காத்திருப்பும் மாதக்கணக்கில் போகும். வழக்கு அதுவரை அப்படியே நிற்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி திறந்தே இருந்தது. உடல் ரொம்ப அழுகிவிட்டால், அல்லது புதைத்ததைத் தோண்டி எடுத்தால், டாக்டரே அந்த இடத்துக்கு வந்து அங்கேயே அறுத்துப் பார்ப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. நாலு பக்கம் துணியைக் கட்டி மறைத்து, சுடுகாட்டு ஓரத்திலேயே முடித்துவிடுவார்கள். வானிலையும் தூரமும் இடம் கொடுக்காதபோது பிரெஞ்சுக்காரன் வழிக்கு நாமும் வந்துவிடுகிறோம்.

போட் மெயிலில் போன பெட்டி

பிரேதப் பயணம் என்றால் தமிழ்நாட்டில் மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. 1952 ஆகஸ்ட் 28. மெட்ராஸ் ராயபுரத்தில் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரி கொல்லப்பட்டார். தலையைத் தனியே வெட்டிக் கடலில் போட்டார்கள். தலையில்லாத உடலை ஒரு ட்ரங்குப் பெட்டியில் வைத்து எழும்பூரில் போட் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். தனுஷ்கோடி வரை போகிற ரயில் அது, அங்கிருந்து கப்பலில் இலங்கைக்குப் போகிறவர்கள் ஏறுவது.

கொன்றவர்கள் நம்பியது எதை? தூரத்தை. உடல் ஓர் ஊரில், தலை கடலில், நடுவில் நூற்றுக்கணக்கான மைல். எந்த ஸ்டேஷன் போலீசுக்கும் முழு ஆள் கிடைக்கக் கூடாது. சட்டம் எதைப் பார்த்து பயந்ததோ அதையே அவர்கள் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் விட்டது வானிலையை. ஆகஸ்ட் மாதத்து வெக்கையில் மூடிய பெட்டி. மறுநாள் மானாமதுரை வருவதற்குள் நாற்றம் பயணிகளால் தாங்க முடியாமல் போனது. பெட்டியைத் திறந்தார்கள். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தூரம் மறைத்து வைத்ததை அழுகல் ஒரே நாளில் காட்டிக் கொடுத்தது. வழியில் அழுகுவது விசாரணைக்கு எதிரி என்று சட்டம் சொல்லும். இந்த ஒரு வழக்கில் அதுதான் முதல் சாட்சி.

ராயபுரம் கடலும் தலையை வைத்துக்கொள்ளவில்லை. துணியில் சுற்றிய தலை கரை ஒதுங்கியது. இப்போது மறுபடி ஒரு பயணம் தேவைப்பட்டது. தலை மெட்ராஸில், உடல் மானாமதுரையில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால்தான் இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல முடியும். உடல் மெட்ராஸுக்குத் திரும்பி வந்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவ நிபுணர் சி.பி. கோபாலகிருஷ்ணன் இரண்டையும் பரிசோதித்தார். மனைவி அடையாளம் காட்டினார். குற்றவாளிகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் காதல், பொறாமை, தப்பி ஓடியது என்றுதான் பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த உடல் இரண்டு முறை ஒரே தடத்தில் பயணம் செய்தது. போகும்போது பெட்டிக்குள் பெயரில்லாத சாமானாக. வரும்போது ஒரு மனிதனாக, தன் பெயரைத் தேடி. பிரேதத்தை எடுத்துப் போவதன் அர்த்தம் இந்த இரண்டாவது பயணத்தில்தான் இருக்கிறது.

ஒரு சட்டம், ஒரு ரோடு

1954 நவம்பர் 1ல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படியும் சேர்ந்தது. 1963ஆம் ஆண்டு விதிமுறையின் வழியாக இந்தியத் தண்டனைச் சட்டம் உட்படப் பல இந்தியச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்பட்டன. 'மருத்துவரோடு போய்ப் பார்' என்ற ஊரும் 'அனுப்பி வை' என்ற ஊரும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. ஜெயித்தது 'அனுப்பி வை'.

எல்லை மட்டும் போகவில்லை. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் கிருமாம்பாக்கம் போலீஸ், அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி போலீஸ். ரோட்டில் ஒருத்தர் அடிபட்டுக் கிடந்தால் கூட்டத்தில் வருகிற முதல் கேள்வி "எந்த ஸ்டேஷன் லிமிட்டுப்பா?" என்பதாகத்தான் இருக்கும். சில அடி தூரம் தீர்மானிக்கும், அந்த உடல் வடக்கே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகுமா, தெற்கே கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்று.

1983ல் வந்த திருத்தம் இந்தப் பயணத்தை இன்னும் முக்கியமாக்கியது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமாக இறந்தாலோ, உடலைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். வரதட்சணைச் சாவுகள் 'ஸ்டவ் வெடித்தது' என்று முடிந்துபோன காலம் அது. வீட்டுக்காரர்களும் ஊரும் வேண்டாம் என்றாலும் அந்த உடல் ரோட்டுக்கு வர வேண்டும் என்று சட்டம் பிடிவாதம் பிடித்தது. கிராம முன்சீப்பின் ஒரு கையெழுத்தில் சந்தேகம் முடிந்த நாட்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தூரம்!

சாயங்காலத்துக்குப் பிறகு அறுக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்தை 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தளர்த்தியது. வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனையில் இரவிலும் செய்யலாம். ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவை பொதுவாக இதில் அடங்காது. அதாவது நேரம் எந்த உடலுக்கு மிக முக்கியமோ அந்த உடல் இன்னும் விடியும் வரை காத்திருக்கிறது. குளிர்பெட்டி இருப்பதால் அழுகும் பயம் குறைந்திருக்கலாம். வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்குக் குளிர்பெட்டி கிடையாது.

வண்டி விஷயமும் அரைகுறைதான். 108 உயிரைக் காப்பாற்ற வந்தது, பிரேதம் அதன் வேலை இல்லை. அது நியாயம்தான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது திரும்பி வருகிற பாதைக்கு. கிணற்றடியிலிருந்து சவக்கிடங்குக்குப் போகிற முதல் பாதைக்கு வண்டி பிடிப்பது இன்னும் பல இடங்களில் ஏட்டையாவின் சாமர்த்தியம், தெரிந்த டிரைவர், சொந்தக்காரர் சட்டைப் பை. சாவு விழுந்த வீட்டில் முதல் செலவு அதுதான்.

பேப்பரில் இருப்பவரும் இல்லாதவரும்

பிரேதப் பரிசோதனைச் சான்றிதழின் தொடக்கத்தைப் பாருங்கள். யாருடைய வேண்டுகோள் கடிதம், எந்தக் காவலர் கொண்டு வந்தார், எத்தனை மணிக்கு உடல் வந்தது என்று இருக்கும். அந்தக் காவலர் பின்னால் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுவார். "நான் உடலை எடுத்துச் சென்று டாக்டரிடம் ஒப்படைத்தேன், பரிசோதனை முடிந்ததும் உறவினரிடம் ஒப்படைத்தேன்" என்று இரண்டு வரி சொல்வார். பெரும்பாலும் குறுக்கு விசாரணைகூட இருக்காது. ஆனால் அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் டாக்டர் பார்த்த உடலும் போலீஸ் கைப்பற்றிய உடலும் ஒன்றுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரோட்டின் வரலாற்றில் எழுதப்பட்டிருப்பது அந்த இரண்டு வரிதான்.

கிணற்றில் இறங்கி உடலைக் கட்டித் தூக்கியவர், தண்டவாளத்தில் சிதறியதைக் கூடையில் பொறுக்கியவர், வண்டியில் ஏற்றி இறக்கியவர், சவக்கிடங்கில் டாக்டருக்காக அறுத்துக் கொடுப்பவர், இவர்கள் எந்தப் பேப்பரிலும் இல்லை. உள்ளூரில் அவர்களைக் கூப்பிடத் தெரியும். "அவனைக் கூட்டியா, அவன்தான் செய்வான்" என்பார்கள். அந்த 'அவன்' யார் என்று கேட்டால், நூறு வருஷத்துக்கு முன் பாயைக் கட்டியவருடைய தெருவுக்கே பெரும்பாலும் போய்ச் சேருவோம்.

1995ல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணியத்துக்கான உரிமை உயிரோடு இருப்பவருக்கு மட்டும் அல்ல, இறந்தவரின் உடலுக்கும் உண்டு என்று சொன்னது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், தேசிய மனித உரிமை ஆணையமும் இறந்தவர்களின் கண்ணியம் பற்றி அறிவுரை வெளியிட்டது. ஆனால் சட்டப் பிரிவில் இன்னும் இருப்பது பழைய கவலைதான். வழியில் அழுகினால் பரிசோதனை வீணாகிவிடும் என்ற கவலை. அந்த உடல் ஒருவருடைய அப்பா, அதைத் தூக்குகிறவர் ஒரு மனிதர் என்ற கவலை அந்த வரிக்குள் இன்னும் வரவில்லை.

புதிய சட்டத்தில் ஒரு மாற்றம் உண்டு. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது 176ஆம் பிரிவு. மாநிலங்கள் இதை ஐந்து வருஷத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பாகூர்ச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிபுணர் நகரத்திலிருந்து கிளம்பி ஊருக்கு வருவார். ஆனால் உடல் அப்போதும் நகரத்துக்குப் போகத்தான் வேண்டும்.

அதனால் பெரிய சீர்திருத்தம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனுக்கும் முதல் பாதைக்கு என்று ஒரு வண்டி. அதில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம், கையுறை, பேப்பரில் ஒரு பெயர். உடல் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எதில் கிளம்பியது என்று இரண்டு கட்டம் கூடுதலாக. இது நடந்தால், சட்டம் நூறு வருஷத்துக்கும் மேலாக அஞ்சிக்கொண்டிருக்கிற வானிலைக்கும் தூரத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்றாவது ஆகும்.